கீழே ஒருத்தர், மேலே மூணு பேர்

அன்றைக்குக் காலை பத்து மணிக்கு எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தவர்கள்: அப்பா, அம்மா, டிப்ளமோ இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்த அக்கா, ஏழாவது முடித்து லீவில் இருந்த நான், அங்கே குடியிருந்த மேடம். இல்லாதவர் பெரியப்பா. "நான் வந்து நாலு வார்த்த கேக்கறேன், நீங்க பின்னால நில்லுங்க போதும்" என்று முந்தின நாள் சாயங்காலம் சொல்லிவிட்டுப் போனவர் அவர்தான். காலையில் போன் போட்டால் கிருத்திகையாம், வல்லக்கோட்டைக் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். அதனால் கேட்க வேண்டியதை நாங்களே கேட்க வேண்டியதாயிற்று.

இருபத்தேழு வயசுக்காரன் 'அந்தக் காலத்துல' என்று ஆரம்பித்தால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். நம்ம செட்டில் எத்தனை பேருக்குப் பள்ளிக்கூடம் போவதற்கு ஒரு வழி, திரும்பி வருவதற்குள் வேறு வழி என்று ஆகியிருக்கிறது? காலையில் வரப்பாக இருந்தது சாயங்காலம் காம்பவுண்டு சுவராக இருக்கும். அப்படி வளர்ந்தவர்களுக்குப் பதினைந்து வருஷம் என்பது ஒரு காலம்தான். அந்தக் காலத்தில் ஒரு கோடை லீவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

எங்கள் வீடு ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வடக்குப்பட்டுப் பக்கம். அரை ஏக்கர் கம்பெனிக்குப் போன காசில் கீழே தளம் போட்ட வீடு, மேலே வாடகைக்கு விட ஓர் அறை, சமையல் மேடை, பாத்ரூம். எங்கள் தெருவில் மாடி எடுத்து கம்பெனி ஆட்களுக்கு விடாத வீடு கிடையாது. எங்கள் மாடிக்கு அந்த மார்ச்சில் வந்தவர்தான் மேடம். மேகாலயாக்காரர். எனக்கு மேகாலயா என்றால் சமூக அறிவியல் புத்தகத்தில் மழை அதிகமாகப் பெய்யும் ஊர் இருக்கும் மாநிலம், இரண்டு மதிப்பெண். உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி இன்ஜினியர், இரண்டாம் ஷிப்ட். மதியம் இரண்டு மணிக்குப் பஸ் ஏறுவார். பத்து மாத அட்வான்ஸைக் கையில் கொடுத்தார். அது அக்காவின் காலேஜ் பீஸாகவும், முன்பக்கத்துக் கிரில் கேட்டாகவும் ஒரே வாரத்தில் உருமாறிவிட்டது.

சாமான் இறக்கும்போது இரண்டு மரப்பெட்டிகள் வந்தன. இடுப்பு உயரம், கறுப்புத் துணி போர்த்தியவை. ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

"கல்யாணத்துக்கு சேத்து வெச்ச பீரோ போல கீது, பாவம்" என்றார் அம்மா.

அப்பா பிரஸ் ஷாப்பில் ஆப்பரேட்டர். தகட்டை டை என்கிற அச்சில் வைக்க வேண்டும், கையை எடுக்க வேண்டும், அடி விழும், துண்டை எடுக்க வேண்டும். ஒரு ஷிப்டுக்கு இரண்டாயிரம் தடவை. கை உள்ளே இருந்தால் மெஷினை நிறுத்தும் சென்சார் என்று ஒன்று உண்டு. அப்பா நின்ற இடத்தில் அது வேகத்தைக் குறைக்கிறது என்று கழற்றி வைத்திருந்தார்கள். எதிர் மெஷின்காரர் இரண்டு விரலை அங்கேயே விட்டுவிட்டு இப்போது வாட்ச்மேன். அதனால் எங்கள் வீட்டில் அப்பாவின் தூக்கம் என்பது அப்பாவின் கை. அவ்வளவுதான் கணக்கு.

அந்த ஏப்ரலில் அவருக்குத் தொடர்ந்து நைட் ஷிப்ட். காலை எட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு, எட்டே முக்காலுக்குப் படுப்பார். ஜன்னலில் ஈரப் போர்வை தொங்கும். அம்மா குக்கர் விசில் அடிக்கப் போகிற நேரம் பார்த்து வெயிட்டைக் கரண்டியால் தூக்கிவிடுவார். மிக்ஸி மூன்று மணிக்கு மேல். நானும் அக்காவும் கேரம் ஆடினால் காயை அடிக்கக் கூடாது, தள்ள வேண்டும். தள்ளித் தள்ளியே அக்கா என்னை ஜெயித்துக்கொண்டிருந்தாள். குச்சி ஐஸ்காரர்கூட எங்கள் வீடு வந்ததும் மணியைக் கையால் பொத்திக்கொண்டு போவார்.

இவ்வளவு செய்தும் ஒருநாள் ஒன்பதரைக்கு அப்பா எழுந்து வந்து ஹால் நடுவே நின்றார்.

"இன்னா சத்தம் அது?"

கேட்டோம். சுவருக்குள்ளிருந்து வந்தது. டும். டும். டும். பிறகு ஒன்றுமில்லை. பிறகு இரண்டு.

"மோட்டாரு. பேரிங் போயிடுச்சு" என்றார் அப்பா. "விட்டு விட்டு வருது பாரு."

போய் மெயினை இறக்கினார். சத்தம் நின்றது. ஏற்றினார். சற்று நேரத்தில் மறுபடி டும். இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? மெக்கானிக் வந்து மோட்டாரைப் பிரித்து வெயிலில் பரப்பி, பேரிங்கை மாற்றி, "இனிமே பத்து வருசத்துக்கு வாயத் தொறக்காது" என்று சத்தியம் செய்துவிட்டுப் போனார். மறுநாள் ஒன்பதரைக்கு டும்.

நான் அதற்கு மறுநாள்தான் கண்டுபிடித்தேன். மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுக்கப் போனேன். படிக்கட்டு வெளிச்சுவரை ஒட்டிப் போகும். கீழ்ப்படியில் டும் மட்டும் கேட்டது. பாதிப்படியில் அதோடு துடைப்பத்தால் சிமெண்ட் தரையைப் பெருக்குவது போல ஸ்ஸ், ஸ்ஸ். மேடத்தின் கதவு வந்ததும் பியானோ. ஏற ஏற ஆள் கூடினார்கள். இறங்கினால் ஒவ்வொருத்தராகக் கழன்றுகொண்டு கடைசியில் டும் ஆசாமி மட்டும் என்னோடு வீடு வரை வந்தார். மெயினை இறக்கினால் மோட்டார் மட்டுமா நிற்கும், மேடத்தின் கரண்டும்தானே போகும் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. சொன்னால் நிறுத்திவிடுவார்கள்.

அது பிடித்துவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது. பியானோக்காரருக்கு வாசிக்கத் தெரியவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். ஒன்றைத் தட்டுவார், யோசிப்பார், பக்கத்தில் இருப்பதைத் தெரியாமல் தட்டிவிட்டது போலத் தட்டுவார். பாட்டு எங்கே ஆரம்பிக்கிறது, பல்லவி எது, ஒன்றும் பிடிபடாது. பாடகர் எப்போது வருவார் என்று இரண்டு நாள் படிக்கட்டில் காத்திருந்தேன். வரவே இல்லை. ஆனால் டும் ஆசாமி எனக்குப் பழகிவிட்டார். எங்கள் ஹாலில் ஒரு தூண் சுவரை விட்டு அரையடி துருத்திக்கொண்டிருக்கும். அதில் முதுகை வைத்து உட்கார்ந்தால் சத்தம் காதுக்கு முன்னால் முதுகுக்கு வந்துவிடும். ஏறுவது, இறங்குவது, ஒரே இடத்தில் நின்று இரண்டு தடவை தட்டுவது, ஒரு அடியை வேண்டுமென்றே முழுங்குவது எல்லாம் எனக்கு மனப்பாடம்.

மேடம் முதலில் எப்போதும் வேறொன்றைப் போடுவார். பழைய காலத்து ரிக்கார்டு போல இரைச்சலோடு, டிரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து, ஷிப்ட் பஸ்ஸைத் தவறவிட்ட இரண்டு பேர் தெருவில் ஓடுவது போன்ற வேகம். அது முடிந்ததும் இந்த மூவர். எட்டாவது நாளோ ஒன்பதாவது நாளோ, கையில் அம்மாவின் ஈரப் புடவையோடு பாதிப்படியில் நின்றிருந்தவனுக்குத் திடீரென்று விளங்கியது: இரண்டும் ஒரே மெட்டு. பஸ்ஸுக்கு ஓடினவர்கள் கால் வைத்த இடங்களில் மட்டும் பியானோக்காரர் விரல் வைக்கிறார். ஓட்டத்தை நம்மிடம் விட்டுவிட்டார். புடவையைக் கொடியில் போடாமலே இறங்கி வந்து திட்டு வாங்கினேன். மூச்சு வாங்கியது. யாரிடமும் சொல்ல முடியாது என்பதுதான் கஷ்டமாக இருந்தது.

இந்தப் பக்கம் அப்பா இளைத்துக்கொண்டிருந்தார். டும் விழுந்தால் புரண்டு படுப்பார். விழ வேண்டிய அடி விழாமல் போனால் அவர் வலது கை மெத்தையிலிருந்து விசுக்கென்று பின்னால் இழுத்துக்கொள்ளும். தூக்கத்திலேயே. நான் தூணருகில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. உங்களில் யாருக்கும் இப்படி ஒரு பாவம் சிறு வயசில் இருந்ததா தெரியாது. எனக்கு இது.

"பிரஸ் சத்தத்துலயே நின்னுகினு தூங்கறவன் நான்" என்று அம்மாவிடம் சொன்னார். "அது ஒரே சீரா வரும். இது வரவேண்டிய அடி வர்றதில்ல. வரலன்னு நெனச்சு கைய உள்ள வுட்டா, அப்போ வருது. ஒடம்பு முழிச்சிக்குது."

பெரியப்பா வந்து கேட்டுவிட்டு வேறொரு தீர்ப்புச் சொன்னார். தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, விரலை உயர்த்தி, "மோட்டாரும் இல்ல, ஒண்ணும் இல்ல. நடக்கறாங்க மேல. ஆம்பள நடை" என்றார்.

அம்மா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். "அந்தப் பொண்ணு ஒண்டியாதான கீது?"

"அதத்தான் நானும் சொல்றேன். தனியா கீற பொண்ணுக்கு வூடு வுடாதன்னு அப்பவே சொன்னனா இல்லையா? காலி பண்ணச் சொல்லு."

"அட்வான்ஸ் யாரு குடுக்கறது? நீ குடுக்கறியாண்ணா?" என்றார் அப்பா. பெரியப்பா காபியைக் குடித்தார்.

அந்த வாரம் வியாழக்கிழமை காலை, அப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கழுவ எடுத்த அக்கா, பைக்குள்ளிருந்து அவருடைய வலது கைக் கிளவுஸை எடுத்தாள். நடுவிரல் நுனி இல்லை. கத்தரித்தாற்போல நேர்க்கோடு. அக்கா அதைப் பிடித்துக்கொண்டே அப்பாவைப் பார்த்தாள். அப்பா கையைப் பின்னால் வைத்துக்கொண்டார்.

"ஒண்ணும் ஆவல. துணிதான்."

"கையக் காட்டுப்பா."

காட்டினார். ஐந்தும் இருந்தன. நடுவிரல் நகத்தோரம் மட்டும் சிவந்திருந்தது. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

நான் அப்போது அழுதுகொண்டே சொன்னேன். மோட்டார் இல்லை, நடையும் இல்லை, மேடம் பாட்டு போடுகிறார், எனக்குப் பதினோரு நாளாகத் தெரியும். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. "பாட்டா? இதுவா?" என்றார் அப்பா. அடி வாங்கியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பி, அவர் 'நாலு வார்த்தை' என்று சொல்லி, மறுநாள் அவர் வராமல் நாங்கள் படியேறியது இப்படித்தான்.

மேடம் ஈர முடியைத் துண்டால் துவட்டிக்கொண்டே கதவைத் திறந்தார். குடும்பமே வாசலில் நிற்பதைப் பார்த்து, "தண்ணி வரல?" என்று கேட்டார். அவருக்கு அதிகம் பழக்கமான தமிழ் வாக்கியம் அதுதான். அம்மா உள்ளே வந்ததும் முதலில் கதவுக்குப் பின்னால் பார்த்தார். அங்கே ஒரு குடை மட்டும் தொங்கியது. இன்றைக்கும் அம்மாவுக்கு அந்தக் குடையை நினைத்தால் வெட்கம்.

அக்கா தன் டிப்ளமோ இங்கிலீஷில் விஷயத்தைச் சொல்லச் சொல்ல மேடத்தின் முகம் மாறிக்கொண்டே வந்தது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். அக்கா திரும்பி எங்களுக்குச் சொன்னாள்: "காலையில கீழ ஆள் இருக்கறதே தெரியாதாம். ஒரு சத்தமும் வரலையாம். விசில்கூட கேக்கலையாம். எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க, யாருக்கும் தொந்தரவு இல்லன்னுதான் ஜாஸ்தியா வெச்சாங்களாம்."

அம்மா தலையில் கை வைத்தார். "அடிப்பாவி! இவருக்காக நாங்க வாயக் கட்டிகினு கெடந்தா, வூட்ல ஆளே இல்லன்னு நெனச்சிகினு கீறாங்களே!"

இனிமேல் போடவே மாட்டேன் என்றார் மேடம். "சாரி அண்ணா, சாரி" என்று அப்பாவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினார். காரியம் முடிந்தது, அம்மா வாசல் பக்கம் திரும்பிவிட்டார். அப்பா மட்டும் நகரவில்லை. கறுப்புத் துணி விலக்கிய அந்த ஸ்பீக்கர் பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த விட்டு விட்டு வர்றது இன்னான்னு ஒரு தபா போடச் சொல்லு. எத்தால என் தூக்கம் போச்சுன்னு பாக்கணும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையும் முழங்காலில். மேடம் போட்டார்.

எனக்கே முதலில் அடையாளம் தெரியவில்லை. கதவுக்கு வெளியே கேட்டது வேறு, அறைக்குள் கேட்பது வேறு. பியானோ இவ்வளவு கிட்டே இருக்கும் என்று நினைக்கவில்லை, அந்த ஆள் விரலை எடுக்கிற சத்தம்கூட வந்தது. என் டும் ஆசாமியைக் காணோம். தரையில் உள்ளங்கையை வைத்தேன். இருந்தார்.

அந்த இடம் வந்தது. டும், டும், டும், விட்டார். அப்பாவின் வலது கை முழங்காலிலிருந்து விசுக்கென்று பின்னால் போனது. அதே நொடியில், ஸ்ஸ் என்று பெருக்கிக்கொண்டிருந்த டிரம்ஸ்காரர் எதையோ விளிம்பில் தட்டினார். டிக். அவ்வளவு சின்னது. அப்பா நிமிர்ந்தார்.

"நிறுத்து. மறுபடி போடு."

நான்கு தடவை போட வைத்தார். நான்காவது தடவை அவர் கை முழங்காலை விட்டு நகரவில்லை. ஒரு விரல் மட்டும், அந்த டிக் விழுகிற இடத்தில், லேசாக எழுந்து உட்கார்ந்தது.

"அட" என்றார். பிறகு அம்மாவிடம், ஏதோ புது மெஷினைப் பற்றிச் சொல்வது போல: "அடி போவலடி. இவன் வுடறான், அவன் புடிக்கறான். அது மேலயே நின்னுடுது, தளத்தத் தாண்டி வர்றதில்ல. நமக்கு ஒருத்தன் மட்டுந்தான் வந்தான். மூணு பேர் லைன் இது. ஒருத்தன் தகடு வெக்கறான், ஒருத்தன் அடிக்கறான், ஒருத்தன் எடுக்கறான். ஒருத்தன் கைய எடுத்தாலும் லைன் நிக்கல பாரு."

"அப்ப மூணு பேரையும் கீழ அனுப்பச் சொல்லு" என்றார் அம்மா. அக்கா இதை மேடத்துக்குச் சொல்ல, மேடம் சிரித்த சிரிப்பில் துண்டு தோளிலிருந்து நழுவியது.

நான் துணிந்து, பழையதையும் போடச் சொன்னேன், அந்த ஓடுகிறதை. மேடம் என்னைக் கூர்ந்து பார்த்தார். அது முடிந்து மூவர் வந்ததும், "ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். எது எது எங்கே என்று வாயாலேயே பாடிக் காட்டினேன். என் குரல் உங்களுக்குத் தெரியும். மேடம் அக்காவிடம் வேகமாக ஏதோ கேட்டார். "யார் சொல்லிக் குடுத்தான்னு கேக்கறாங்க" என்றாள் அக்கா. "படிக்கட்டு" என்றேன். பழையதற்குப் பெயர் பீபாப் என்றும், இந்த மூவர் இப்போதைய ஆட்கள், பழையதை எடுத்துத் தங்கள் வழியில் வாசிக்கிறார்கள் என்றும், டும் ஆசாமி மீட்டுவது ஆளுயர வயலின் போன்ற டபுள் பாஸ் என்றும் அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். ஜாஸ் என்ற சொல்லை முதலில் கேட்டதும் அன்றைக்குத்தான்.

ஹெட்போனில் கேட்டுக்கொள்கிறேன், பெட்டிகளை மூடி வைத்துவிடுகிறேன் என்றார் மேடம். சொல்லும்போது காதைத் தொட்டுக்கொண்டார். அக்கா கேட்டதும் விஷயம் வந்தது: ஷிப்ட் முழுக்க மெஷின் சத்தத்துக்காகக் காதில் பிளக் வைத்துக்கொண்டு நிற்கிறவர். வீட்டுக்கு வந்தும் காதை அடைத்தால் ராத்திரி வலிக்கிறதாம்.

அப்பா தன் காதைத் தடவிக்கொண்டார். அவரும் அதே மஞ்சள் பிளக்தான்.

"வேணாம் வேணாம். போடட்டும்" என்றார். எழுந்து போய்ப் பெட்டியை ஒரு பக்கம் சாய்த்து அடியைப் பார்த்தார். வெறும் மரம், வெறும் தரை. அப்பாவுக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. "மெஷின இப்படியா காங்கிரீட்ல ஒக்கார வெப்பாங்க? எந்த இன்ஜினியர் வெச்சது?"

"மேடமே இன்ஜினியர்தாம்பா" என்றாள் அக்கா.

"அதான்."

அன்றைக்குத் தூங்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனார். மெஷின் அதிர்வு தரைக்கு இறங்காமல் இருக்க அடியில் கொடுப்பார்களே, கனத்த ரப்பர் கட்டை, அதை அளவு சொல்லி வாங்கிவந்து, பெட்டிக்கு இரண்டாக வைத்தார். லெவல் பார்த்தார். பிறகு பரீட்சை. அப்பா கீழே படுத்துக்கொண்டார், நான் படிக்கட்டில் ஆள். அவர் "ஏத்து" என்றால் நான் மேலே பார்த்துக் கையை உயர்த்துவேன், மேடம் சத்தத்தை ஏற்றுவார்.

"இன்னும் ஏத்து."

கையை உயர்த்தினேன்.

"இன்னும் கொஞ்சம்."

உயர்த்தினேன். அடுத்த குரல் வரவில்லை. மேடம் கதவருகில் நின்று 'போதுமா' என்று சைகையில் கேட்டார். எட்டிப் பார்த்தால் அம்மா வாயில் விரலை வைத்துக்கொண்டு நிற்கிறார். அப்பா வாயைப் பிளந்து தூங்குகிறார். வலது கை மெத்தையில் விரிந்து கிடந்தது. அது அசையுமா என்று அன்றைக்கு முழுக்கப் பார்த்தேன். அசையவில்லை.

என் கதைதான் கொஞ்சம் மோசம். தூணில் முதுகை வைத்தால் வெறும் தூண். இரண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை மேடத்துக்கு லீவு, அப்பாவுக்கும் லீவு. பல் தேய்த்துவிட்டு வந்த அப்பா, "இன்னாடா, மேல போய்ட்டு வரலாமா?" என்றார், ஏதோ டீக்கடைக்குக் கூப்பிடுவது போல. கதவு திறந்தே இருந்தது. அதற்கப்புறம் இரண்டு வருஷம், மேடம் புனேவுக்கு மாற்றலாகிப் போகும் வரை, ஞாயிற்றுக்கிழமைக் கதவு எங்களுக்குத் திறந்தே இருந்தது. அம்மா வடை எடுத்துக்கொண்டு போவார். பியானோக்காரர் யோசிக்கிற இடங்களில் அம்மா, "சீக்கிரம் சொல்லுப்பா" என்பார். பெரியப்பாவும் நான்காவது வாரம் வந்தார். வந்து, தங்கமான பொண்ணு என்று தான் அப்பவே சொன்னதாகச் சொன்னார்.

இப்போது நானும் ஷிப்ட் பஸ்ஸில்தான் போகிறேன், குன்றத்தூரிலிருந்து. காதில் அந்த மூவர்தான். புதுசாகவும் வாசித்திருக்கிறார்கள். முதலில் எனக்குக் கேட்பது எப்போதும் கீழே நடக்கிறவர்தான். அப்புறம்தான் மற்ற இரண்டு பேரும் படியிறங்கி வருவார்கள்.

அப்பா அந்த லைனில் அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நின்றார். பத்து விரலோடு வெளியே வந்தார். அதற்கு எங்கள் வீட்டுக்கு ஆன செலவு: ரப்பர் கட்டை நான்கு, ஒன்று நூற்றுப் பத்து, ஆக நானூற்று நாற்பது ரூபாய்.